பழைய முகவரிக்கு வந்தவர் எங்கே போவார்?

உப்புவெளியில் சிறிய விருந்தினர் விடுதி நடத்தும் அக்கா ஒருவர் தன் இணையத்தள முகவரியைத் தொலைபேசியில் சொல்லிக்கொண்டிருந்தார். "திருமலை எண்டு இங்கிலீசில அடியுங்கோ. ரி போட்டு எச் போடோணும். ஓம், எச் இருக்கு. பிறகு நடுவில ஒரு கோடு. கீழ்க்கோடு இல்லை, நடுக்கோடு. முடிவில ஐ வரும், வை இல்லை." மறுமுனையில் இருந்தவர் மூன்று தடவை அடித்துப் பார்த்தார். ஒன்றும் திறக்கவில்லை. "பரவாயில்லை அக்கா, நான் புக்கிங் தளத்திலயே தேடிப் பாக்கிறன்" என்று போனை வைத்துவிட்டார். அந்த வழியாக ஆள் வந்தால் அறை வாடகையில் ஒரு பங்கு தரகாகப் போய்விடும். நேரே வந்திருக்க வேண்டிய விருந்தினரை ஒரு எச்சும் ஒரு நடுக்கோடும் சேர்ந்து திருப்பி அனுப்பிவிட்டன.

திருகோணமலையில் சின்னக் கடைகளுக்கும் விடுதிகளுக்கும் கல்வி நிலையங்களுக்கும் இணையத்தளம் செய்து கொடுப்பது என் தொழில். வருபவர்களோடு படம், நிறம், எழுத்துரு பற்றி மணிக்கணக்கில் பேசுவோம். முகவரி பற்றிய பேச்சு ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடும். தளத்தைத் தேடி வரும் ஆட்களைப் பிற்பாடு அதிகம் அலைக்கழிப்பது அந்த ஐந்து நிமிடத்தில் எடுத்த முடிவுதான். அந்த முகவரியையே மாற்ற வேண்டி வந்து, மாற்றும்போது பழைய வழியை ஒழுங்காகப் புதிய வழியோடு இணைக்காமல் விட்டால் அலைச்சல் இரட்டிப்பாகும். இந்த இரண்டையும், கணினி படிக்காதவருக்கும் விளங்கும்படி சொல்லிப் பார்க்கிறேன்.

எண்ணும் பெயரும்

இணையத்தில் இருக்கும் கணினிகள் ஒன்றையொன்று எண்ணை வைத்துத்தான் தேடிப் போகின்றன. மனிதருக்கு நீண்ட எண் மனதில் நிற்காது, ஆகவே பெயர் வைத்தோம். ஆரம்ப காலத்தில் எந்தப் பெயருக்கு எந்த எண் என்ற பட்டியல் அமெரிக்காவில் ஒரே கோப்பாக இருந்தது. கணினிகள் பெருகியதும் அந்த ஒற்றைக் கோப்பால் தாக்குப்பிடிக்க முடியவில்லை. 1983 இல் பால் மொக்கபெட்ரிஸ் வடிவமைத்த டொமைன் பெயர் முறை அந்தப் பட்டியலை உலகம் முழுவதும் பலரிடம் பகிர்ந்து கொடுத்தது. அதன் சுருக்கப் பெயர் டிஎன்எஸ். இன்று நீங்கள் ஒரு முகவரியை அமத்தினால், உங்கள் போன் முதலில் டிஎன்எஸ்ஸிடம் எண்ணை விசாரித்துக்கொண்டு, அதன் பிறகே அந்தத் தளம் இருக்கும் கணினியிடம், அதாவது சேர்வரிடம், போகிறது.

முகவரியை வாசிக்கும் திசையையும் தெரிந்துகொள்ள வேண்டும். கடிதத்தில் ஆளின் பெயர், வீட்டு இலக்கம், வீதி, ஊர், நாடு என்று எழுதுகிறோம். தபால் பிரிப்பவர் கடைசி வரியைத்தான் முதலில் பார்ப்பார். டொமைன் என்ற இணையப் பெயரும் அப்படியே. "அறைகள்.எங்கள்விடுதி.இலங்கை" என்று ஒரு முகவரி இருக்கிறது என்று வையுங்கள். வலது ஓரத்தில் உள்ள "இலங்கை" பெரிய பிரிவு. அதற்கு இடப்பக்கத்தில் நிற்கும் "எங்கள்விடுதி" ஒருவர் காசு கட்டிப் பதிந்த பெயர். "அறைகள்" அந்தச் சொந்தக்காரர் தன் வசதிக்குப் போட்டுக்கொண்ட கிளை. அதற்கு யாரிடமும் கேட்கத் தேவையில்லை.

இது தெரியாததால்தான் பலர் ஏமாறுகிறார்கள். வட்ஸ்அப்பில் "எங்கள்வங்கி.இலங்கை.பரிசுமழை.கொம்" என்பதுபோல ஒரு முகவரி வருகிறது. இடப்பக்கத்திலிருந்து வாசிப்பவர் கண்ணில் வங்கியின் பெயர் படுகிறது, அமத்திவிடுகிறார். தொடக்கத்தில் இரட்டைச் சாய்கோடு இருந்தால் அதை விட்டுவிட்டு, அடுத்த சாய்கோட்டுக்கு முன்னால் உள்ள பகுதியை மட்டும் எடுத்து வலப்பக்கத்திலிருந்து வாசித்தால் அது பரிசுமழை என்ற யாரோ ஒருவருடைய இடம். வங்கிப் பெயரை அவர் கிளையாகப் போட்டிருக்கிறார், அவ்வளவுதான். என் அம்மாவுக்கு இதைச் சொல்லிக் கொடுக்க ஒரு தேநீர் குடிக்கும் நேரம் போதுமாக இருந்தது. உங்கள் வீட்டில் இருப்பவர்களுக்கும் சொல்லிக் கொடுங்கள்.

சொன்னால் எழுத வர வேண்டும்

எங்கள் ஊரின் பெயரையே எடுத்துக்கொள்ளுங்கள். தமிழில் திருகோணமலை, திருக்கோணமலை என்று இரண்டு விதமாகவும் எழுதுகிறோம். பேச்சில் திருமலை. ஆங்கிலத்தில் ட்ரிங்கோமலி, அதன் முடிவில் ஈ எழுத்து இரண்டு. பலர் ஒற்றை ஐ போட்டு முடித்துவிடுவார்கள். சுருக்கமாக ட்ரிங்கோ என்றால் நடுவில் சி வருமா கே வருமா என்று வெளிநாட்டுக்காரர் தடுமாறுவார். திருமலை என்று ஆங்கில எழுத்தில் தேடினால் திருப்பதித் திருமலையும் குறுக்கே வந்து நிற்கும். இத்தனை வாசல் உள்ள ஒரு பெயரை டொமைனில் வைக்கும்போது, வருபவர் எந்த வாசலால் வருவார் என்று முன்கூட்டியே யோசிக்க வேண்டும்.

யாராவது பெயர் ஒன்றைக் கொண்டு வந்தால் நான் ஒரு சோதனை செய்யச் சொல்வேன். பஸ் நிலையத்தில் நிற்கும் நண்பருக்கு அழைப்பு எடுத்து, பெயரை ஒரே ஒரு தடவை சொல்லி, கேட்டபடி எழுதி அனுப்பச் சொல்லுங்கள். எழுத்துக் கூட்டிச் சொல்லக்கூடாது. நான்கு பேரில் மூன்று பேராவது சரியாக அனுப்பினால் அந்தப் பெயரை எடுக்கலாம். நடுக்கோடு உள்ள பெயர் பெரும்பாலும் இங்கேயே விழுந்துவிடும். இலக்கம் உள்ள பெயரும் விழும்: "நாலு" என்று சொன்னால் சிலர் எண்ணாகப் போடுவார்கள், சிலர் ஆங்கிலச் சொல்லாக எழுதுவார்கள். நிலாவெளி, உப்புவெளி போன்ற பெயர்களில் வீயா டபிள்யூவா என்ற குழப்பம் வரும். தமிழ்ப் பெயரை ஆங்கில எழுத்தில் எழுத நமக்குள் ஒருமித்த வழக்கம் இல்லாத வரையில் இந்தச் சிக்கல் இருக்கத்தான் செய்யும்.

அதற்கு ஒரு மாற்று உண்டு. அதிகமாகத் தவறும் எழுத்துக்கூட்டல் ஒன்றையோ இரண்டையோ கூடவே பதிந்து, அவற்றுக்கு வருபவர்களை உண்மையான முகவரிக்கு அனுப்பிவிடலாம். உப்புவெளி அக்காவுக்கு அதைத்தான் செய்தோம். நடுக்கோடு இல்லாத பெயரையும், எச் இல்லாத பெயரையும் எடுத்துப் பழைய பெயரோடு சேர்த்துக் கட்டினோம். பெயர் ஒவ்வொன்றுக்கும் ஆண்டுக் கட்டணம் உண்டு என்பதால் எல்லாப் பிழைகளையும் வாங்கிக் குவிக்கத் தேவையில்லை. இரண்டு போதும்.

பெரிய எழுத்து, சின்ன எழுத்துக் கவலை டொமைனில் இல்லை. எப்படி அடித்தாலும் ஒன்றுதான். சாய்கோட்டுக்குப் பிறகு வரும் பகுதியில் பல சேர்வர்கள் அவற்றை வேறுபடுத்திப் பார்க்கும். சுவரொட்டியில் அழகுக்காகப் பெரிய எழுத்துப் போட்டு அச்சடித்தவர்கள் இதனால் மாட்டிக்கொண்டதைக் கண்டிருக்கிறேன்.

பெயரின் வால் எதுவாக இருக்க வேண்டும்? டொட் எல்கே 1990 இலிருந்து இலங்கைக்குரியது. அரசுக்கு ஜிஓவி டொட் எல்கே, பாடசாலைகளுக்கு எஸ்சிஎச் டொட் எல்கே, விடுதிகளுக்கு ஹோட்டல் டொட் எல்கே என்று உட்பிரிவுகளும் உண்டு. உள்ளூர் ஆட்களை நம்பி நடக்கும் இடத்துக்கு எல்கே நல்ல தெரிவு. பார்த்தவுடன் இலங்கை என்று தெரியும். வெளிநாட்டிலிருந்து வருபவரோ எல்கேயை மறந்து கொம் என்று அடித்துவிடுவார். கிழக்குக் கரையில் மே முதல் செப்டெம்பர் வரை ஓடும் பருவத்தை நம்பியிருக்கும் விடுதிக்காரர் இரண்டையும் எடுப்பது நல்லது.

அழகுக்காக வேறு நாட்டின் வாலை எடுப்பவர்கள் ஒன்றை அறிந்துகொள்ள வேண்டும்: இரண்டெழுத்து வால் அநேகமாக ஒவ்வொன்றும் ஒரு நாட்டுக்கோ ஆட்சிப்பகுதிக்கோ உரியது, அந்த இடத்துச் சட்டம் அதைக் கட்டுப்படுத்தும். நீண்ட இணைப்பைச் சுருக்கித் தரும் சுருக்கு முகவரிகளில் அடிக்கடி காணும் எல்வை லிபியாவுடையது. 2010 இல் அந்த நாட்டுச் சட்டத்துக்கு ஒவ்வாது என்று சொல்லி வீபி டொட் எல்வை என்ற சுருக்கு முகவரிச் சேவையின் பெயரையே எடுத்துவிட்டார்கள். அதன் வழியாகச் சுருக்கியிருந்த இணைப்புகள் எல்லாம் அன்றோடு செத்தன. இலவசமாகக் கிடைத்த ரிகே போன்ற வால்களின் கதையும் நல்லபடி முடியவில்லை. அவற்றை வழங்கிவந்த ஃப்ரீனொம் 2023 இல் புதிய பதிவுகளை நிறுத்தியது, 2024 இல் டொமைன் தொழிலைவிட்டே விலகுவதாக அறிவித்தது. இலவசப் பெயரில் கட்டிய கடை பிறர் காணியில் கட்டிய கொட்டில்போல.

இனித் தமிழ்ப் பெயர். டொட் இலங்கை என்ற தமிழ் வாலும் அதன் சிங்கள இணையும் 2010 இல் நடைமுறைக்கு வந்தன. இந்தியாவுக்கும் சிங்கப்பூருக்கும்கூடத் தமிழ் வால்கள் இருக்கின்றன. தமிழ் எழுத்தில் பெயர் வைத்தால் எச்சா, ரியா என்ற வில்லங்கம் ஒரே அடியாகப் போய்விடும். ஆங்கிலம் தெரியாத அப்பம்மாவும் பெயர்ப்பலகையைப் பார்த்து அடிக்கலாம். எனக்கு இதில் உண்மையான ஆசை உண்டு. எங்கள் ஊர்க் கடைகளின் முகவரிகள் எங்கள் எழுத்தில் இருக்க வேண்டும் என்று விரும்புகிறேன். விரும்பினாலும் இரண்டு எச்சரிக்கைகளைச் சொல்லியாக வேண்டும்.

முதலாவது, டிஎன்எஸ் உள்ளுக்குள் ஆங்கில எழுத்தையே கையாள்கிறது. தமிழ்ப் பெயர் எக்ஸ், என் என்று தொடங்கி இரண்டு நடுக்கோடு போட்டு நீளும் ஓர் எழுத்துக் கோவையாக மாற்றப்படுகிறது. இதற்கு பியூனிகோட் என்று பெயர். சில செயலிகளில் பிரதியெடுத்து ஒட்டினால் அந்தக் கோவைதான் தெரியும். பார்ப்பவர் மோசடி இணைப்பு என்று பயந்துவிடுவார். தமிழ் முகவரியில் மின்னஞ்சலும் எல்லா இடத்திலும் வேலை செய்யாது. இரண்டாவது, எழுத்து மயக்கம். "ஔவை" என்பதை ஔ என்ற ஒற்றை எழுத்தால் எழுதலாம். ஒ எழுதிப் பக்கத்தில் ள போட்டு "ஒளவை" என்றும் பலர் அடிக்கிறார்கள். கண்ணுக்கு ஒன்றுபோல இருக்கும், கணினிக்கு இரண்டும் வேறு வேறு பெயர். காலும் ரகரமும் சில எழுத்துருக்களில் அண்ணன் தம்பிபோல இருக்கும். திருகோணமலையில் க் போட்டதும் போடாததும் இரண்டு டொமைன். ஆகவே தமிழ்ப் பெயரை எடுத்துப் பலகையில் எழுதுங்கள், கூடவே ஆங்கில எழுத்துப் பெயர் ஒன்றையும் வைத்திருங்கள். இரண்டும் ஒரே இடத்துக்கு வந்து சேரட்டும்.

பூட்டிய கடையும் கதவில் ஒட்டிய தாளும்

"வந்து சேரட்டும்" என்று சொன்னதைச் செய்வதுதான் ரீடைரெக்ட். தமிழில் வழிமாற்றம் எனலாம். கடையை டைக் வீதியிலிருந்து வேறு வீதிக்கு மாற்றுகிறீர்கள். பழைய கடையின் பூட்டிய கதவில் "கடை இடம் மாற்றப்பட்டுள்ளது" என்று எழுதிப் புதிய இலக்கத்தையும் ஒட்டுவீர்கள் அல்லவா? சேர்வரும் அதையே செய்கிறது. பழைய முகவரியைக் கேட்டு வரும் பிரவுசருக்குப் பக்கத்தைக் கொடுக்காமல், ஓர் எண்ணையும் புதிய முகவரியையும் கொடுக்கிறது. பிரவுசர் தானாகவே அங்கே போகிறது. எல்லாம் ஒழுங்காக நடந்தால் பார்வையாளருக்கு எதுவும் தெரியாது.

அந்த எண்ணில் சேதி இருக்கிறது. 301 என்றால் நிரந்தரமாக மாறிவிட்டோம், இனி அங்கேயே போங்கள் என்று பொருள். 302 என்றால் இப்போதைக்கு மட்டும். தேர் வரும் நாளில் வீதியை மறித்து மாற்றுவழி காட்டுவதுபோல. தேர் போனதும் பழைய வீதியால் போகலாம். 308, 307 என்று இவற்றுக்கு இரண்டு இளைய சகோதரர்கள் உண்டு. படிவம் நிரப்பி அனுப்பும் இடங்களில் அவை தேவைப்படும். 301, 302 வழியில் படிவத்தில் எழுதியது பாதியில் கொட்டுப்பட்டுப் போகலாம், 308, 307 வழியில் அப்படியே போய்ச் சேரும்.

301 இல் ஒரு கவனம் வேண்டும். பிரவுசர் அதை நினைவில் வைத்துக்கொள்ளலாம். அடுத்த தடவை பழைய சேர்வரிடம் கேட்காமலே புதிய இடத்துக்குப் போய்விடும். சரியான முகவரி கொடுத்திருந்தால் அது வேகம். தவறான முகவரி கொடுத்துவிட்டால், நீங்கள் ஒரு மணி நேரத்தில் சேர்வரைத் திருத்தினாலும், அந்த ஒரு மணி நேரத்தில் வந்துபோனவரின் போன் பிழையான இடத்துக்கே திரும்பத் திரும்பப் போகும். உங்கள் போனில் சரியாகத் திறக்கும், அவருக்குத் திறக்காது, இருவரும் தொலைபேசியில் சண்டை பிடிப்பீர்கள். ஆகவே நான் எப்போதும் 302 இல் போட்டு ஓரிரு நாள் பார்த்துவிட்டுத்தான் 301 ஆக்குவேன்.

ஒரே லோஞ்சில் மூதூர்

வழிமாற்றங்களைச் சங்கிலிபோலத் தொடுத்துவிடுவது அடுத்த பிழை. 2009 இல் கிண்ணியாப் பாலம் திறக்க முன்னர் தரைவழியாக மூதூருக்குப் போனவர்களுக்கு இதன் களைப்புத் தெரியும். கிண்ணியாத் துறையில் பாதைக்கு, அதாவது ஆளையும் வாகனத்தையும் அக்கரைக்கு ஏற்றிப் போகும் மிதவைக்கு, காத்திருக்க வேண்டும். அக்கரைக்குப் போய்க் கொஞ்சத் தூரம் ஓடினால் உப்பாறு. பிறகு கங்கைத் துறை. பிறகு இறால்குழி. ஒவ்வொரு துறையிலும் பாதை வரும்வரை நிற்க வேண்டும். அதனாலேயே பலர் திருகோணமலை இறங்குதுறையில் லோஞ்ச் என்ற இயந்திரப் படகில் ஏறி நேரே மூதூரில் இறங்கினார்கள்.

பல தளங்களில் இன்று நடப்பது துறை துறையாகப் போகும் பயணம். பார்வையாளர் பழைய பெயரை அடிக்கிறார். அது முதலில் பாதுகாப்புப் பூட்டுள்ள எச்ரிரிபிஎஸ் முகவரிக்கு அனுப்புகிறது. அது முன்னால் மூன்று டபிள்யூ சேர்த்த முகவரிக்கு அனுப்புகிறது. அது புதிய டொமைனுக்கு. அது தமிழ்ப் பக்கத்துக்கு. நான்கு துறை. டொமைன் மாறும் ஒவ்வொரு தடவையும் போன் மறுபடி டிஎன்எஸ்ஸிடம் எண் கேட்க வேண்டும், சேர்வரோடு கைகுலுக்க வேண்டும், பூட்டைச் சரிபார்க்க வேண்டும், பிறகே பக்கத்தைக் கேட்க வேண்டும். சேர்வர் அமெரிக்காவில் இருந்தால் ஒரு தடவை போய்வரவே ஏறத்தாழக் கால் வினாடி. ஒரு துறையில் இப்படி மூன்று நான்கு போக்குவரத்து. சிக்னல் குறைந்த இடத்தில் நிற்பவருக்கு வெள்ளைத் திரைதான் தெரியும், திரும்பிப் போய்விடுவார். கூகுளின் தேடல் நிரல்கூடப் பத்துத் துறை தாண்டினால் தொடராது. இரண்டு முகவரிகள் ஒன்றையொன்று காட்டிக்கொண்டு நின்றால் பிரவுசர் சுற்றிச் சுற்றிக் களைத்து, வழிமாற்றம் அளவுக்கு மிஞ்சிவிட்டது என்று அறிவித்து நின்றுவிடும்.

திருத்துவது கடினமில்லை. பழைய முகவரி ஒவ்வொன்றையும் இறுதி முகவரிக்கு நேரே காட்டுங்கள். ஒரே லோஞ்ச்.

மூன்று டபிள்யூ போடுவதா விடுவதா என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். எதுவானாலும் பிழையில்லை. ஒன்றைத் தெரிவுசெய்து மற்றதை அதற்கு அனுப்புங்கள். இங்கே ஒரு நுணுக்கம் உண்டு: பூட்டுக்கான சான்றிதழ் இரண்டு பெயருக்கும் இருக்க வேண்டும். பிரவுசர் பூட்டைச் சரிபார்த்த பிறகுதான் கதவில் ஒட்டிய தாளை வாசிக்கும். சான்றிதழ் இல்லாவிட்டால் தாளை வாசிக்கும் முன்னரே "இந்த இடம் பாதுகாப்பானதல்ல" என்ற பெரிய எச்சரிக்கை வந்து ஆளைத் துரத்திவிடும். கைவிட்ட பழைய டொமைனுக்கும் இதே கதைதான், அதன் சான்றிதழையும் புதுப்பித்துக்கொண்டே இருக்க வேண்டும். 2015 முதல் லெட்ஸ் என்க்ரிப்ட் என்ற அமைப்பு இலவசமாகவே சான்றிதழ் தருகிறது, காசு ஒரு சாட்டாக இருக்க முடியாது.

வினாத்தாளைக் கேட்டவருக்கு முகப்பைக் கொடுத்தேன்

என் கையால் நடந்த பிழையைச் சொல்கிறேன். உயர்தர மாணவர்களுக்குக் கடந்தகால வினாத்தாள்களைச் சேர்த்து வைத்திருந்த ஒரு தளத்தைப் புதிய டொமைனுக்கு மாற்றும் வேலை வந்தது. பழைய தளத்தில் யார் எந்தப் பக்கத்தைக் கேட்டாலும் புதிய தளத்தின் முகப்புக்கு அனுப்பும்படி ஒரே வரி எழுதினேன். எல்லாம் திறந்தது. வேலை முடிந்தது என்று நினைத்தேன்.

இரண்டு நாளில் மூதூரிலிருந்து ஒரு மாணவியின் செய்தி வந்தது. "சேர், கெமிஸ்ற்றி பேப்பர் லிங்க அமத்தினா முதல் பக்கம்தான் வருது. டேற்றா முடியப்போகுது." அப்போதுதான் உறைத்தது. ஆசிரியர்கள் பல வருடங்களாக வட்ஸ்அப் குழுக்களில் ஒவ்வொரு வினாத்தாளுக்கும் தனி இணைப்பு அனுப்பியிருந்தார்கள். அந்த இணைப்புகள் எல்லாம் இப்போது முகப்பில் கொண்டுபோய்க் கொட்டின. முகப்பில் பெரிய பெரிய படங்கள். வினாத்தாளைத் தேட வேண்டும், தேடுவதற்குள் டேற்றா போய்விடும். பரீட்சைக்கு முன் இரவில் இது சின்ன விடயமில்லை.

நூலகத்துக்குப் போய் ஒரு புத்தகத்தின் பெயரைச் சொல்லிக் கேட்பவரை, ஒன்றும் சொல்லாமல் வாசலில் கொண்டுவந்து விட்டதுபோல இருந்தது நான் செய்த வேலை. கூகுளும் இப்படி மொத்தமாக முகப்புக்கு அனுப்புவதை மதிப்பதில்லை. பக்கம் இல்லாமல் போய்விட்டதாகவே எடுத்துக்கொள்ளும். ஆண்டுக்கணக்கில் சேர்ந்த தேடல் மதிப்பும் அதோடு போய்விடும்.

அந்த வாரம் முழுவதும் இருந்து திருத்தினோம். சேர்வரின் பதிவேட்டை எடுத்து, எந்தெந்தப் பழைய பக்கங்களை ஆட்கள் உண்மையாகவே கேட்கிறார்கள் என்று பார்த்தோம். இடப்பக்கம் பழைய முகவரி, வலப்பக்கம் அதற்கு ஒத்த புதிய முகவரி என்று அட்டவணை போட்டு ஒவ்வொன்றாகக் கட்டினோம். புதிய தளத்தில் இல்லாத சில பக்கங்களை எங்கும் அனுப்பவில்லை. 404 என்ற "இல்லை" பக்கத்தையே காட்டி, அதில் தமிழில் இரண்டு வரி விளக்கமும் ஒரு தேடல் பெட்டியும் வைத்தோம். இல்லாததை இல்லை என்று சொல்வது வந்தவரின் நேரத்துக்குச் செய்யும் மரியாதை.

இந்த வழிமாற்றங்களை எவ்வளவு காலம் வைத்திருக்க வேண்டும்? கூகுள் குறைந்தது ஓர் ஆண்டு என்கிறது. அது தேடல் இயந்திரத்தின் கணக்கு. முச்சக்கர வண்டியின் பின்கண்ணாடியில் ஒட்டிய முகவரியும், சுவர் நாட்காட்டியில் அச்சிட்டதும், யாரோ ஒருவரின் போனில் சேமித்துக் கிடக்கும் இணைப்பும் ஓர் ஆண்டில் அழிவதில்லை. கட்டணம் கட்ட முடிகிற வரை வைத்திருங்கள் என்பதே என் சொல்.

இன்னும் ஒரு வகை அலைக்கழிப்பு இருக்கிறது: பார்வையாளர் எந்த நாட்டில் இருக்கிறார் என்று ஊகித்து மொழியை மாற்றுவது. டொரொன்டோவில் இருக்கும் மகனுக்குத் திருகோணமலையிலிருந்து தாய் தமிழ்ப் பக்க இணைப்பை அனுப்புகிறார். அவர் திறந்தால் கனடா என்று கண்டுகொண்டு ஆங்கிலப் பக்கத்துக்குத் தள்ளிவிடுகிறது தளம். தமிழ்ப் பக்கத்தைக் கேட்டவருக்குத் தமிழ்ப் பக்கத்தையே கொடுங்கள். வேறு மொழி உண்டு என்று மேலே ஒரு பட்டன் வையுங்கள், போதும். அதேபோல, சேர்வரில் செய்ய வேண்டிய வழிமாற்றத்தைப் பக்கத்துக்குள் ஜாவாஸ்கிரிப்டால் செய்யாதீர்கள். பின்னால் போகும் பட்டனை அமத்தினால் பழைய பக்கம் வந்து மறுபடி முன்னால் தள்ளிவிடலாம், ஆள் வெளியேற முடியாமல் சிக்கிக்கொள்வார்.

பெயர் யார் பெயரில் இருக்கிறது?

டொமைனை வாங்குவது என்று சொல்கிறோம், உண்மையில் அது குத்தகை. ஆண்டுதோறும் புதுப்பிக்காவிட்டால் கைவிட்டுப் போகும். டொட் கொம் போன்ற பொதுப் பெயர்களில் காலாவதியான பிறகு பதிவு நிறுவனத்தைப் பொறுத்து 45 நாள்வரை அவகாசம் கிடைக்கலாம். பிறகு மேலதிகக் கட்டணம் கட்டி மீட்க 30 நாள். அதன் பின் 5 நாள் யாருக்கும் இல்லை. பிறகு உலகில் யாரும் எடுக்கலாம்.

எனக்குத் தெரிந்த ஒரு பழைய மாணவர் சங்கம், உறுப்பினர் ஒருவர் தன் சொந்த மின்னஞ்சலில் பதிந்த டொமைனைப் பல ஆண்டுகள் பாவித்தது. அவர் வெளிநாடு போனார், அந்த மின்னஞ்சலைப் பார்ப்பதை விட்டார். புதுப்பிக்கச் சொல்லி வந்த நினைவூட்டல்கள் யார் கண்ணிலும் படவில்லை. இன்று அந்த முகவரியில் சூதாட்ட விளம்பரம். சங்கம் வெளியிட்ட மலரின் பின்னட்டையில் அதே முகவரி அச்சாகியிருக்கிறது. அறுபது வயதுப் பழைய மாணவர் ஒருவர் பேரப்பிள்ளைக்குப் பாடசாலைப் படங்களைக் காட்டலாம் என்று அடித்துப் பார்த்துவிட்டு என்னிடம் வந்து சொன்னபோது அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. டொமைனோடு அந்தப் பெயரில் இருந்த மின்னஞ்சல்களும் புதிய சொந்தக்காரருக்கே வரும் என்பது அதைவிடப் பெரிய ஆபத்து. அந்த மின்னஞ்சலை வைத்துத் திறந்த கணக்குகளின் பாஸ்வேர்டை அவர் மாற்றிவிடலாம்.

ஆகவே சங்கத்தின் பெயரில், சங்கத்தில் இருவராவது பார்க்கும் மின்னஞ்சலில் பதியுங்கள். அந்த மின்னஞ்சல் அதே டொமைனில் இருக்கக்கூடாது. டொமைன் போனால் நினைவூட்டலும் சேர்ந்து போய்விடும். பல ஆண்டுகளுக்கு ஒன்றாகக் கட்டலாம், டொட் கொம்முக்குப் பத்து ஆண்டுவரை முடியும். என்னைப் போன்ற ஒருவரிடம் வேலை கொடுத்தால், பெயர் உங்கள் கையில் இருக்கிறதா என்று முதல் நாளே கேளுங்கள். கேட்டால் கோபிப்பவரிடம் வேலை கொடுக்காதீர்கள்.

இன்றைக்கே பார்க்கலாம்

சோதிக்கக் கணினி அறிவு தேவையில்லை. வீட்டு வைபையை நிறுத்திவிட்டு மொபைல் டேற்றாவில், பிரவுசரின் தனிப்பட்ட சாளரத்தில் திறங்கள். சாதாரண சாளரம் பழைய 301 ஐ நினைவில் வைத்திருந்து உங்களை ஏமாற்றலாம். மூன்று டபிள்யூவோடும் இல்லாமலும் அடியுங்கள். இரண்டும் ஒரே முகவரியில் முடிகின்றனவா, பாதுகாப்பு எச்சரிக்கை எதுவும் வராமல் திறக்கின்றனவா என்று பாருங்கள். பழைய டொமைன் இருந்தால் அதன் முகப்பை மட்டும் பார்த்து நிறுத்தாமல் உள்பக்கம் ஒன்றையும் திறங்கள். ஆண்டுக்கணக்காகக் கிடக்கும் வட்ஸ்அப் குழுவில் மேலே போய் நீங்களே எப்போதோ அனுப்பிய இணைப்பை அமத்துங்கள். பிறகு மேசை லாச்சியில் பழைய விசிட்டிங் கார்ட் ஒன்று கிடக்கும், அதை எடுத்து அதில் உள்ள முகவரியை அச்சிட்டிருக்கிறபடியே, ஓர் எழுத்தும் திருத்தாமல் அடியுங்கள்.